அன்றாட விசாரணை

ஈஸ்டர் விடியற்காலையில் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவர்த்தி வெளிச்சம் மட்டும்தான். நாலரை மணிக்கு ஆராதனை. அதற்கு முன்பே ஜனங்கள் வந்து அவரவர் வீட்டுக் கல்லறைமேல் பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, காற்றில் அணையாதபடி கையைக் குவித்துக்கொண்டு நிற்பார்கள். சம்பங்கியும் உருகின மெழுகும் முந்தின நாள் அடித்த சுண்ணாம்பும் சேர்ந்து ஒரு வாசனை வரும். எனக்கு ஈஸ்டர் என்றால் அந்த வாசனைதான். முட்டையும் முயலும் எங்கள் பக்கம் வந்ததெல்லாம் அடுக்குமாடிகள் வந்த பிறகு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஈஸ்டர். மூன்றாவது பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போது, ஒரே ஒரு இடம் இருட்டாக இருப்பதைப் பார்த்தேன். மதிலோரம், இரண்டாவது வரிசை. மற்றதெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்க, அது மட்டும் பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தது. தலைமாட்டில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது.

சாலமோனின் கல்லறை. அவன் மனைவி மார்த்தா வருஷம் தவறாமல் சனிக்கிழமையே வந்து, தன் கையால் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போகிற கல்லறை.

பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி ரேச்சலும் பார்த்துவிட்டாள்.

“மார்த்தா வரலியா?”

“தெரியல.”

“தெரியலன்னா? நீங்கதான செக்ரெட்ரி?”

என் மெழுகுவர்த்தியைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைந்தது. அதற்குள் போதகர் “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்றார். “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்” என்று சபை சொன்னது. நானும் சொன்னேன். வாய் சொன்னது, அவ்வளவுதான்.

எனக்குக் கடிதம் எழுத வரும்

இந்தத் தொடரில் இதுவரை என்னைக் கொஞ்சம் நல்லவனாகவே காட்டிவந்திருக்கிறேன். வாசகர்களும் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டார்கள். இந்த வாரம் அது முடியாது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சிறுசேரியில், கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற பஸ்களுக்கு நான் சூப்பர்வைசர். எந்த வண்டி எந்த கேட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தது, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பதுதான் என் பிழைப்பு. டிரைவர் பத்து நிமிஷம் பிந்தினால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுப்பேன். பிறகு ஆளைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேள்வி கேட்பேன். அதற்கு எங்கள் ஆபீசில் விசாரணை என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்குச் செயலாளர். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற வழியில், உப்பளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற சின்னச் சபை. எங்கள் தாத்தாக்கள் அடுத்தவன் கழனியில் நாற்று நட்டவர்கள். அவர்கள் சேர்ந்து முதன்முதலாகச் சொந்தமாக வாங்கிய நிலம் அந்தக் கல்லறைத் தோட்டம்தான். உயிரோடு இருந்தவனுக்கு ஒரு காணி இல்லை, செத்தவனுக்கு ஆறடி இருந்தது.

இன்றைக்கு அதன் மூன்று பக்கமும் அடுக்குமாடி எழும்பிவிட்டது. விடியற்காலையில் சத்தம் போட்டுப் பாடுகிறார்கள் என்று அங்கிருந்து ஒரு தடவை புகார்கூட வந்தது. நான்தான் பதில் எழுதினேன். பிறகு அவர்கள் வாயே திறக்கவில்லை. எனக்குக் கடிதம் எழுத வரும். வினையே அதில்தான் வந்தது.

சாலமோன் என் ஆபீசில் வேன் ஓட்டினவன். உள்பக்கத்து ஊர் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த செல்வி என்கிற பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டான். அவள் ஞானஸ்நானம் எடுத்து மார்த்தா ஆனாள். பிறந்த வீடு அன்றோடு அவளைத் தலைமுழுகியது. பிறகு அவளுக்கு மனிதர்கள் என்றால் சாலமோனும் சபையும்தான். சாலமோன் ஒரு மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். மிச்சம் சபை.

பொட்டு

மகள் எஸ்தர் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மார்த்தா மாமல்லபுரத்தில், கடற்கரையோரம் ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே வாடகைக்குக் குடிபோனாள். வாசலில் நின்று, வருகிற விருந்தாளிக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, ஆரத்தி காட்டி உள்ளே அனுப்புகிற வேலை. பளபளவென்று ஒரு சேலை, தலையில் மல்லிகை, நெற்றியில் பொட்டு. சிரித்த முகம் வேண்டும் என்பதும் ஓட்டலின் சட்டம்.

எங்கள் சபையின் பொருளாளர் மோசஸ் கால் டாக்ஸி ஓட்டுகிறவர். ஒரு நாள் அந்த ஓட்டலில் ஆள் இறக்கப் போனவர் போனில் ஒரு படம் எடுத்துச் சபை வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். பொட்டும் பூவுமாக, தட்டை ஏந்திக்கொண்டு மார்த்தா.

அவ்வளவுதான், குரூப் தீப்பிடித்துக்கொண்டது. கிறிஸ்தவள் பொட்டு வைக்கலாமா, ஆரத்தி எடுக்கலாமா என்று ஆண்கள். புருஷன் போனவள் பூ வைக்கலாமா என்று பெண்கள். இந்த இரண்டாவது குற்றம் வேதத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. நாங்கள் மதம் மாறி நாலு தலைமுறை ஆகிறது, அது மட்டும் எங்களோடு கூடவே ஞானஸ்நானம் எடுத்து உள்ளே வந்துவிட்டது.

பழைய போதகர் மாற்றலாகிப் போய், புதியவர் வராத நேரம். செயலாளர்தான் ராஜா. கமிட்டியைக் கூட்டி அவளை வரச்சொன்னேன்.

வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். பொட்டை எடுத்துவிட்டிருந்தாள். ஸ்டிக்கர் பொட்டு, மறுநாளைக்கு ஆகும் என்று போனின் பின்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். பேசும்போது அந்தப் போன் அவள் கையில்தான் இருந்தது. எங்கள் ஐந்து பேர் கண்ணும் அதன்மேல்தான் இருந்தது.

“வேலைக்கு வெச்சிக்கினு போறேன் சார், வூட்டுக்கு வந்ததும் எட்த்துட்றேன். யூனிபாரம் மாதிரிதான்,” என்றாள்.

“யூனிபாரமா? விசுவாசம்னா இன்னான்னு தெரியுமாம்மா உனக்கு?” என்றேன்.

“டிரைவருங்க காக்கி போட்டுக்கினா போலீஸா ஆய்டுவாங்களா சார்?”

மோசஸ் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. என் ஆபீசில் எந்த டிரைவரும் எனக்கு எதிர்ப்பேச்சு பேசினதில்லை. உண்மையைச் சொன்னால், நான் எழுதிய தீர்ப்பு பொட்டுக்காக அல்ல, அந்தச் சிரிப்புக்காக.

ஏட்டைக் கெடுத்தவன்

அவள் போன பிறகு மோசஸுக்கே மனசு கேட்கவில்லை.

“அண்ணே, ஒரு விதவைய இப்டி நிக்கவெச்சி கேக்கறதுக்கு பைபிள்ல எடம் கீதா?”

வேதத்தில் இடமில்லாமலா? ஆதிச் சபையைப் பற்றிச் சொல்கிற பகுதியைப் புரட்டினேன். சீஷர்கள் பெருகுகிறார்கள். அப்போது ஒரு முறுமுறுப்பு வருகிறது. தங்கள் விதவைகள் ‘அன்றாட விசாரணையில்’ சரியாக விசாரிக்கப்படவில்லை என்று ஒரு சாரார் குறைசொல்கிறார்கள்.

“பாத்தியா?” என்றேன் வெற்றியோடு. “அந்தக் காலத்துல தெனமும் நடந்துகீது. எங்கள ஒழுங்கா விசாரிக்கலன்னு விதவைங்க பக்கத்துலேர்ந்தே கேட்டுகீறாங்க. நாம எப்பவோ ஒரு தபா பண்றோம்.”

ஒருவரும் மறுக்கவில்லை. பழைய தமிழ் எங்களுக்கெல்லாம் பழக்கம்தான், ஆனால் காதுக்குத்தான் பழக்கம். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் செய்து முடித்தேன்.

கடிதம் ஒரு பக்கம் வந்தது. அந்தப் பழக்கத்தை விட்டு, மன்னிப்பு எழுதிக் கொடுக்கும்வரை திருவிருந்தில் பங்கு இல்லை. அதாவது அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது. கீழே என் கையெழுத்து, சபை முத்திரை.

“ஒரு வாட்டி அவ வூட்டுக்குப் போய் பாத்துட்டு வந்து எழுதுங்களேன்,” என்றாள் ரேச்சல். நான் ஏற்கெனவே தபாலில் சேர்த்துவிட்டிருந்தேன்.

அதன்பிறகு மார்த்தா கோவிலுக்கு வரவில்லை. அறுப்பின் பண்டிகை போனது, கிறிஸ்மஸ் போனது, லெந்து தவக்காலம் நாற்பது நாளும் போனது. யாரும் போய்ப் பார்க்கவில்லை. குரூப்பிலிருந்து அவள் எப்போது விலகினாள் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

முதலில் போனவர்கள்

கறுத்த கல்லறையைப் பார்த்த அந்த ஈஸ்டர் அன்று, ஆராதனை முடிந்து எல்லோரும் பொங்கல் வடைக்கு வரிசையில் நிற்கும்போது நான் வண்டியை எடுத்தேன். மாமல்லபுரத்துக்கு ஈ.சி.ஆரில் அரைமணி நேரம். இடதுபக்கம் சவுக்குத்தோப்புகளின் இடுக்கில் சூரியன் வந்துகொண்டிருந்தது.

போகும்போது அன்று காலைப் பிரசங்கம்தான் மனசில் ஓடியது. கிறிஸ்துவின் கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள். அவர் எழுந்திருப்பார் என்று நம்பி அவர்கள் போகவில்லை. செத்த உடம்புக்குச் செய்யவேண்டியதைச் செய்ய, கையில் சுகந்தவர்க்கத்தோடு போனார்கள். கல்லை யார் புரட்டுவது என்று வழிநெடுக அவர்களுக்குக் கவலை. ஆனாலும் திரும்பவில்லை.

ஆண்கள் எங்கே இருந்தார்கள்? கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே. “கமிட்டி போட்டிருப்பாங்க,” என்பாள் ரேச்சல்.

ஆதிச் சபையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அக்கினி நாவுகள், அந்நிய பாஷைகள், ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் என்று கன்வென்ஷன் மேடைகளில் தொண்டை கட்டுகிறது. வீடு வீடாக அப்பம் பிட்டார்கள் என்பதைக் கொஞ்சம் தணிந்த குரலில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஏனென்றால் அதற்கு ஒரு வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே யார் படுத்திருக்கிறார்கள், அடுப்பு எரிகிறதா என்று பார்க்கவேண்டும். பாஷை பேசுவது அதைவிடச் சுலபம்.

இதெல்லாம் பெரிய யோசனைபோல் எழுதுகிறேன். உண்மையில் அன்று வெறுங்கையோடு போனேன். வரிசையில் நின்றிருந்தால் ஒரு பொட்டலம் பொங்கலாவது கிடைத்திருக்கும்.

மார்த்தா வீடு

சிற்பப் பட்டறைகளுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. கல் அறுக்கிற மெஷின் சத்தத்தில் கதவைத் தட்டினது உள்ளே கேட்கவில்லை. திறந்த எஸ்தர் என்னைப் பார்த்ததும் வழிவிடாமல் நின்றாள்.

கட்டிலில் மார்த்தா. எனக்கு அடையாளம் தெரியச் சற்று நேரம் ஆனது. வயிற்றில் கட்டி. வேலையை விட்டு ஆறு மாதமாகிறதாம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ தடவை போய்வந்து, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற இடத்துக்கு வந்திருந்தார்கள். நெற்றி வெறுமையாக இருந்தது. நான் கேட்டிருந்த மாதிரியே.

“வாங்க சார்,” என்றாள். “இன்னும் இன்னா விசாரணை பாக்கி கீது?”

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். செயலாளர் வந்தால் வேறு எதற்கு வருவார்?

“இல்லம்மா, சும்மாதான்,” என்றேன்.

எஸ்தர் டீ போட்டுக் கொடுத்தாள். மார்த்தாவை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக் கொடுத்தாள். அவள் மெதுவாக, வாய்க்கு வாய் நிறுத்தி, பாதி பன் தின்றாள்.

“சார், அந்த லெட்டர்ல மன்னிப்பு எழுதித் தரணும்னு போட்டுந்தீங்கல்ல. எஸ்தர எழுத சொல்றேன். நானு கையெழ்த்து போட்றேன். பண்டிக வந்துட்ச்சே, எனக்கு அப்பம் குடுப்பாங்களா?”

எழுதவேண்டாம் தாயே என்று சொல்லியிருக்கவேண்டும். போதகரைப் போனில் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்திருப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“எழுதிக் குடும்மா. கமிட்டில வெச்சி முட்ச்சிடலாம்.”

எஸ்தர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். மார்த்தா கையெழுத்துப் போட்டாள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

போதகர் சொன்ன அர்த்தம்

அன்று சாயங்காலம் புதுப் போதகரிடம் கொடுத்தேன். சின்ன வயசு, வந்து மூன்று மாதம்தான். தாளைப் படித்துவிட்டு, பழைய கடிதத்தையும் கேட்டு வாங்கிப் படித்தார்.

“அண்ணே, இதுல ‘ஆதிச் சபையின் அன்றாட விசாரணை முறைப்படி’ன்னு எழுதியிருக்கீங்களே?”

வேதத்தைத் திறந்து அந்த இடத்தைக் காட்டினேன். அவர் அதை விரலோட்டிப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“இது கேள்வி கேக்கற விசாரணை இல்லண்ணே. அந்தக் காலத் தமிழ்ல விசாரிக்கறதுன்னா கவனிச்சிக்கறது. விதவைங்களுக்குத் தெனமும் சாப்பாடு போட்டாங்க. அந்தப் பந்தியில எங்க பொம்பளைங்கள விட்டுட்டீங்கன்னுதான் முறுமுறுப்பு. அதுக்குத்தான் ஏழு பேர பரிமாற வெச்சாங்க.”

உயிர்த்தெழுதலுக்குப் பிறகு அந்தச் சபைக்கு உள்ளேயிருந்து வந்த முறுமுறுப்பு, விதவையின் இலையில் சோறு விழவில்லை என்பது. அந்த வசனத்தைக் காட்டித்தான் நான் ஒரு விதவையின் அப்பத்தைப் பிடுங்கியிருந்தேன்.

“இப்பவே போலாம் வாங்க,” என்று போதகர் எழுந்தார்.

அப்போதாவது நான் எழுந்திருக்கலாம். தப்பு தெரிந்த பிறகுதான் மனுஷன் சட்டத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறான். “கமிட்டி போட்ட தடைய கமிட்டிதான் எடுக்கணும். புதன்கிழம கூட்றேன். நாளைக்கு ஒருத்தரும் பேசக்கூடாது பாருங்க,” என்றேன். அவர் என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவர். தயங்கினார், உட்கார்ந்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன்.

புதன்கிழமை கமிட்டி ஐந்தே நிமிஷத்தில் முடிந்தது. முதலில் கை தூக்கியவர் மோசஸ்.

வியாழக்கிழமை

காலையிலேயே போதகரும் நானும் திருவிருந்துப் பெட்டியோடு போனோம். எஸ்தர் இந்தத் தடவை வழிவிட்டாள்.

“செவ்வாக்கெழம ராத்திரிலேர்ந்து ஒண்ணும் எறங்கல சார். தண்ணிகூட வாயோரமா வந்துடுது.”

மார்த்தாவின் கண் திறந்திருந்தது. போதகர் ஜெபம் பண்ணி, அப்பத்தைச் சின்னத் துணுக்காகக் கிள்ளி உதட்டில் வைத்தார். அது அங்கேயே இருந்தது. அவள் தொண்டை அசைந்து பார்த்தது, முடியவில்லை. பிறகு அதை எடுத்துவிட்டு, பஞ்சை ரசத்தில் நனைத்து உதட்டைத் தடவினார். ஞாயிற்றுக்கிழமை என் எதிரில் பாதி பன் தின்றவள்.

கட்டிலருகே குனிந்து, “மன்னிச்சிடும்மா,” என்றேன். அதே நேரம் வெளியே கல் அறுக்கிற மெஷின் ஓட ஆரம்பித்தது. அது நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றபோது எனக்கு வாய் வரவில்லை. அவள் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து ரேச்சலிடம் சொன்னேன். “கண்ணு கெட்ட பின்னாடி சூரிய நமஸ்காரம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள்.

சனிக்கிழமை மார்த்தா கண்மூடினாள். ஞாயிறு மத்தியானம் சாலமோனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். உயிர்ப்பின் பாட்டுகளையே பாடினோம், போன வாரம் பாடிய அதே பாட்டுகள். நன்றாகப் பாடினார்கள். ஜனம் நிறைய வந்திருந்தது. சாவுக்கு வர எங்கள் சபை ஒருநாளும் தவறியதில்லை.

எல்லோரும் மண் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். நான் கேட்டைப் பூட்டக் காத்திருந்தேன். எஸ்தர் கைமண்ணைத் தட்டிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

“சார், அம்மா செவ்வாக்கெழம வரிக்கும் நல்லா பேசிக்கினு இருந்தாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்க சொன்னாங்க.”

கேட்கட்டும் என்று நின்றேன். எதைக் கேட்டாலும் தலைகுனிந்து வாங்கிக்கொள்வது என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

“‘சாரு வந்தாருன்னா, வூட்டம்மாவுக்கு முட்டி வலி இப்ப எப்டி கீதுன்னு விசாரி. ஞாயித்திக்கெழம கேக்க மறந்துட்டேன்’னாங்க.”

ரேச்சல் கிறிஸ்மஸுக்கு முன்னால் படியில் விழுந்தவள். அது சபையிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. மார்த்தாவுக்கு யார் சொன்னார்களோ.

“பரவால்லம்மா,” என்றேன். “இப்ப கொஞ்சம் நடக்கறா.”

எஸ்தர் சரியென்று தலையாட்டினாள். அந்தப் பதிலை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.